பெரியம்மாவின் உயில்: புரோபேட் (உயில் மெய்யானது என்று கோர்ட் தரும் உத்தரவு) இனிமேல் தேவையா, வக்கீலிடம் என்ன கேட்க வேண்டும்?

காவிரிக்கரை
வணக்கம். அம்மாவின் அக்கா, எங்கள் பெரியம்மா, ஜனவரியில் காலமானார். ஓய்வுபெற்ற அரசுப் பள்ளி ஆசிரியை, மயிலாப்பூரில் தனியாக இருந்தார். பெரியப்பா போய்ப் பல வருடம் ஆகிறது. பிள்ளைகள் கிடையாது. கடைசிக் காலத்தில் ஆஸ்பத்திரி, மருந்து, சாப்பாடு எல்லாம் பார்த்தது அம்மாதான்.

பீரோவில் ஒரு உயில் இருந்தது. 2011இல் எழுதியது. வெள்ளைத் தாளில் டைப் அடித்து, பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து, கடைசியில் இரண்டு சாட்சிகள். பதிவு செய்யவில்லை. பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருப்பது மயிலாப்பூர் ஃபிளாட் மட்டும், அது அம்மாவுக்கு. நிறைவேற்றுநர் (உயிலில் சொன்னபடி நடத்திவைக்கும் பொறுப்பாளர்) என்று போட்டிருந்த பெரிய மாமா 2019இல் தவறிவிட்டார். சாட்சிகளில் ஒருவர் உயிரோடு இல்லை. இன்னொருவர் கீழ்வீட்டில் குடியிருந்த பெரியவர், இப்போது கோயம்புத்தூரில் மகன் வீட்டில் இருக்கிறார்.

ஃபிளாட் தவிர இருப்பவை: கும்பகோணம் பக்கம் தாத்தா வழி வந்த கொஞ்சம் நிலம், வங்கியில் சுமார் 22 லட்சம் டெபாசிட் (நாமினி சின்ன மாமா), ஒரு லாக்கர்.

பதிமூன்றாம் நாள் காரியத்துக்கு வந்த பெரியப்பாவின் தம்பி மகன், சாப்பாட்டுப் பந்தியிலேயே "எங்க பக்கத்துக்கும் பங்கு இருக்கில்ல" என்று ஆரம்பித்துவிட்டார். சின்ன மாமாவோ டெபாசிட் தனக்குத்தான் என்கிறார். பக்கத்து ஃபிளாட் சார் "புரோபேட் எல்லாம் இப்ப வேண்டாம், சட்டமே மாறிடுச்சு" என்கிறார். நாங்கள் போய்ப் பார்த்த ஒரு வக்கீல் ஃபிளாட் மதிப்பில் 4 சதவீதம் ஃபீஸ் என்றார். எங்கிருந்து தொடங்குவது என்றே தெரியவில்லை.

வடபழனி வாசி
பக்கத்து ஃபிளாட்காரர் சொன்னது சரிதான். புரோபேட்டைக் கட்டாயமாக்கிய பிரிவு 213ஐ எடுத்துவிட்டார்கள். இறப்புச் சான்றிதழ், உயில், வாரிசுச் சான்றிதழ் மூன்றையும் வைத்துக்கொண்டு மாநகராட்சி வரி, ஈ.பி., பட்டா என்று ஒவ்வொன்றாகப் பெயர் மாற்றிக்கொண்டே போங்கள். எதற்கு ஐகோர்ட் பக்கம் தலைவைத்துப் படுக்க வேண்டும்?

பழைய குமாஸ்தா
ஐகோர்ட் ஒரிஜினல் சைடில் உயில் கட்டுகளோடு காலம் தள்ளியவன் என்ற முறையில் சொல்கிறேன். வடபழனி வாசி சொன்னதில் பாதி உண்மை.

1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 213ஆம் பிரிவு என்ன சொன்னது? சென்னை, மும்பை ஐகோர்ட்டுகள் நேரடியாக வழக்கு எடுக்கும் நகர எல்லைக்குள்ளும் பழைய வங்காளப் பகுதியிலும் ஓர் இந்து உயில் எழுதினாலோ, அங்கே உள்ள வீடு நிலத்தை உயிலில் எழுதிவைத்தாலோ, புரோபேட் வாங்காமல் அந்த உயிலைக் காட்டி கோர்ட்டில் உரிமை நிலைநாட்ட முடியாது. மதுரையில் எழுதி மதுரைச் சொத்தைக் கொடுத்தால் இந்தத் தொல்லை கிடையாது. மயிலாப்பூருக்கு இருந்தது. வெள்ளைக்காரன் காலத்து எல்லைக்கோடு, அவ்வளவுதான். 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் அந்தப் பிரிவை நீக்கியது. ஆகவே கட்டாயம் போய்விட்டது, வாஸ்தவம்.

ஆனால் போனது கட்டாயம்தான். உயிலை நிரூபிக்கும் பொறுப்பு எங்கேயும் போகவில்லை. புரோபேட் வாங்கும் வழியும் அப்படியேதான் இருக்கிறது. நாளைக்கு அம்மா அந்த ஃபிளாட்டை விற்கப் போனால், வாங்குபவருக்குக் கடன் கொடுக்கும் வங்கியின் வக்கீல் முதலில் பார்ப்பது என்ன? பதிவாகாத உயில், பிள்ளையில்லாத விதவை, பங்கு கேட்கும் உறவுக்காரர். கோர்ட் உத்தரவு கொண்டுவா என்பார். அப்போது சாட்சிப் பெரியவர் இருப்பாரா? யாரும் வாய் திறக்காத குடும்பம் என்றால் நானே வேண்டாம் என்பேன். உங்கள் வீட்டில் பந்தியிலேயே பேச்சு கிளம்பிவிட்டது.

மேலே சொல்வதற்கு முன் சில விவரம் வேண்டும்.

ஃபிளாட் யார் பணத்தில், யார் பெயரில் வாங்கியது? கும்பகோணம் நிலம் தாத்தா காலமான பிறகு பங்காக வந்ததா, அல்லது அவர் இருக்கும்போதே செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்ததா? இரண்டுக்கும் விளைவு வேறு. பெரியப்பாவுக்கு உடன்பிறந்தவர்கள் யார் யார், அவர்களில் இன்று இருப்பவர் யார்? கடைசியாக, உயிலின் கடைசிப் பத்தியை எழுத்துக்கு எழுத்து இங்கே போடுங்கள். அந்தக் காலத்து டைப்பிஸ்டுகள் முக்கியமானதை அங்கேதான் வைப்பார்கள்.

மல்லிகை
அந்த 4 சதவீத வக்கீலுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். வழக்கில் கிடைக்கும் சொத்தில் இத்தனை பங்கு என்று ஃபீஸ் பேசுவதை பார் கவுன்சில் விதிகள் தடைசெய்கின்றன. என் மாமனார் உயில் விஷயத்தில் ஒருவர் இப்படித்தான் தொடங்கினார். எழுத்தில் கொடுங்கள் என்றதும் பேச்சை மாற்றினார்.

ஃபீஸை கட்டம் கட்டமாகப் பேசுங்கள். மனு தயாரித்துத் தாக்கல் செய்ய இவ்வளவு, சாட்சி விசாரணைக்கு இவ்வளவு, எதிர்ப்பு வந்து வழக்காக மாறினால் அப்புறம் தனியாக. கோர்ட் ஃபீ இதில் சேராது, அது சொத்து மதிப்பைப் பொறுத்து அரசுக்குப் போவது. இரண்டையும் ஒன்றாகக் கலந்து ஒரு பெரிய தொகை சொல்பவரிடம் தனித்தனியாக எழுதிக் கேளுங்கள். ரசீதும் கேளுங்கள்.

இன்னொன்று. மனு போடப்போவது அம்மா. 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. நிறைய பேருக்கு இது தெரியாது. ஐகோர்ட்டிலேயே சட்டப் பணிகள் குழு இருக்கிறது. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். சொந்தமாக வக்கீல் வைத்தாலும், முதலில் அங்கே ஒருமுறை ஆலோசனை கேட்டால் மற்ற வக்கீல்கள் சொல்வதை எடைபோட வசதியாக இருக்கும்.

நாகர்கோவில்காரன்
நாங்கள் கிறிஸ்தவர்கள். அப்பா உயிலுக்கு யாரும் புரோபேட் கேட்கவில்லை. 2002லேயே இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டதாகச் சொன்னார்கள். முஸ்லிம்களுக்கு முதலிலிருந்தே இல்லை. சென்னையில் இவ்வளவு பாடு என்பதே இந்த இழையைப் பார்த்துத்தான் தெரிகிறது.

காவிரிக்கரை
எல்லோருக்கும் நன்றி. குமாஸ்தா ஐயா கேட்டவை:

ஃபிளாட் பெரியம்மா பெயரில், அவர் சம்பளத்தில் வீட்டுக்கடன் எடுத்து வாங்கியது. கிரயப் பத்திரமும் கடன் முடிந்த கடிதமும் கையில் இருக்கின்றன. நிலம் தாத்தா காலமான பிறகு நடந்த பாகப்பிரிவினையில் வந்தது. தாத்தா உயில் எதுவும் எழுதவில்லை. பெரியப்பாவுக்கு ஒரு தம்பி, ஒரு தங்கை. தம்பி இல்லை, அவர் மகன்தான் இந்த அண்ணன். தங்கை, அதாவது அத்தை, திருச்சியில் நன்றாக இருக்கிறார். பெரியம்மாவோடு கடைசி வரை போனில் பேசிக்கொண்டிருந்தார்.

கடைசிப் பத்தி இதோ: "மேலே கண்ட சொத்து நீங்கலாக, என் காலத்துக்குப் பின் என் பெயரில் இருக்கக்கூடிய, இதில் சொல்லப்படாத மற்ற ஸ்தாவர ஜங்கம சொத்துகள் யாவையும் மேற்படி என் தங்கையே சர்வ சுதந்திர பாத்தியமாய் அடைந்து கொள்ள வேண்டியது."

பழைய குமாஸ்தா
பெரியம்மாவுக்கு அந்த டைப்பிஸ்ட் செய்த உபகாரம் பெரிது. நிலம், டெபாசிட் உள்பட மீதி எல்லாமும் அம்மாவுக்கே என்கிற இந்த ஒரு வாக்கியம் இல்லாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பாருங்கள், அப்போதுதான் உயிலை நிரூபிப்பது ஏன் முக்கியம் என்பது புரியும்.

1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவு. உயில் எழுதாமல் ஓர் இந்துப் பெண் இறந்தால், சொத்து முதலில் பிள்ளைகளுக்கும் கணவருக்கும். அவர்கள் இல்லையென்றால் அடுத்து அப்பா அம்மாவுக்கோ தங்கைக்கோ அல்ல, கணவரின் வாரிசுகளுக்கு. ஆமாம், சொந்தச் சம்பாத்தியமாக இருந்தாலும் அப்படித்தான். கல்யாணமாகி மூன்றே மாதத்தில் கணவரை இழந்து, மாமியார் வீட்டார் துரத்திவிட்டதால் பிறந்த வீட்டுக்கு வந்து படித்து வேலைபார்த்த ஒரு பெண்ணின் சேமிப்பு, அந்தத் துரத்திய குடும்பத்துக்கே போகும் என்று 2009இல் உச்ச நீதிமன்றம் ஓம்பிரகாஷ் எதிர் ராதாசரண் வழக்கில் தீர்ப்பளித்தது. அனுதாபம் வேறு சட்டம் வேறு என்று கைவிரித்துவிட்டார்கள். எனக்கு இன்றுவரை ஜீரணமாகாத தீர்ப்பு.

இதற்கு விலக்கு, அப்பா அம்மாவிடமிருந்து வாரிசாக வந்த சொத்து. பிள்ளைகள் இல்லாத பெண்ணுக்குப் பின் அது அப்பாவின் வாரிசுகளுக்குத் திரும்பும். உங்கள் கும்பகோணம் நிலம் இந்த ரகம். செட்டில்மென்டாக வந்திருந்தால் இந்த விலக்குக்குள் வராது, அதனால்தான் கேட்டேன்.

ஆக உயில் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். நிலம் அம்மா, சின்ன மாமா, இறந்த பெரிய மாமாவின் குடும்பம் என்று பிரியும். ஃபிளாட்டும் டெபாசிட்டும் பெரியப்பாவின் வாரிசுகளுக்குப் போகும். அப்படியும் உங்கள் அண்ணனுக்கு ஒன்றும் வராது! பெரியப்பாவின் அப்பா அம்மா இல்லையென்றால், சட்டத்தின் இரண்டாம் வகுப்புப் பட்டியலில் உடன்பிறந்தவர்கள் மேல்படியில், உடன்பிறந்தவரின் பிள்ளைகள் கீழே. மேல்படியில் ஒருவர் இருக்கும்போது கீழ்படிக்கு இறங்காது. தங்கை இருக்கிறார். ஆகவே முழுக்கத் திருச்சி அத்தைக்கு. உங்கள் அண்ணனுக்கு இதை யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

வடபழனி வாசி
அடேயப்பா. அப்படியானால் அத்தையிடம் ஒரு கையெழுத்து வாங்கிவிட்டால் கதை முடிந்ததே?

பழைய குமாஸ்தா
முடியாது, ஆனால் பாதி தூரம் வந்துவிடலாம். மனுவில் உயில் இல்லாவிட்டால் யாருக்கு உரிமை வந்திருக்குமோ அவர்கள் எல்லோரையும் காட்ட வேண்டும்: அத்தை, சின்ன மாமா, பெரிய மாமாவின் மனைவி மக்கள். அவர்கள் சம்மதப் பிரமாணப் பத்திரம் கொடுத்தால் மனுவோடு சேர்ப்பார்கள். கொடுக்காதவருக்கு நோட்டீஸ் போகும். பத்திரிகையிலும் விளம்பரம் வரும். யாராவது கேவியட் (தன்னைக் கேட்காமல் உத்தரவு போடக் கூடாது என்ற மனு) போட்டு ஆட்சேபித்தால் மனு டி.ஓ.எஸ். என்ற உயில் வழக்காக மாறும், அப்புறம் சாட்சி, குறுக்கு விசாரணை என்று வருடக்கணக்கில் இழுக்கும். யாரும் ஆட்சேபிக்காவிட்டால் மாதக்கணக்கில் முடியும். கேவியட் போடுபவருக்கு அந்தச் சொத்தில் ஏதோ ஓர் உரிமை வரக்கூடியதாக இருக்க வேண்டும். அத்தை இருக்கும்போது அண்ணன் எந்த உரிமையில் வருவார் என்பதே முதல் கேள்வி.

பெயரளவில் ஒரு திருத்தம். நிறைவேற்றுநர் உயிரோடு இல்லாததால் அம்மாவுக்குக் கிடைப்பது புரோபேட் அல்ல. புரோபேட் நிறைவேற்றுநருக்கு மட்டும்தான். அம்மா கேட்க வேண்டியது உயில் இணைத்த லெட்டர்ஸ் ஆஃப் அட்மினிஸ்ட்ரேஷன், அதாவது சொத்தை நிர்வகிக்க கோர்ட் தரும் அதிகாரப் பத்திரம். வேலை ஒன்றுதான், மனுவின் தலைப்பு வேறு. வக்கீலைத் தேடும்போது இதை வைத்தே சோதிக்கலாம். நிலைமையைச் சொன்னவுடன் "நிறைவேற்றுநர் இருக்கிறாரா?" என்று கேட்பவருக்கு வேலை தெரியும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் கோயம்புத்தூருக்குக் கிளம்புங்கள். உயிலை நிரூபிக்கக் குறைந்தது ஒரு சாட்சி சொன்னால் போதும். ஆனால் உயிரோடு இருப்பவரே ஒருவர்தான். பெரியம்மா தன் கண்முன் கையெழுத்துப் போட்டார், தானும் மற்றவரும் அவர் பார்க்கச் சாட்சிக் கையெழுத்துப் போட்டோம் என்று அவர் பிரமாணப் பத்திரம் கொடுக்க வேண்டும். வக்கீல் தயாரித்துக் கொடுக்கும் வாசகத்தில், அவர் நிஜமாக நினைவில் வைத்திருப்பதை மட்டும் எழுதச் சொல்லுங்கள். தேதி நினைவில்லை என்றால் நினைவில்லை என்றே இருக்கட்டும். எல்லாம் நினைவிருக்கிறது என்று சொல்லும் சாட்சிதான் கூண்டில் மாட்டுவார்.

கவுன்டர் நம்பர் 3
வங்கியில் இருந்து ஓய்வுபெற்றவன். சின்ன மாமா விஷயத்துக்கு வருகிறேன்.

நாமினி என்பவர் பணத்தை வாங்கிக் கைமாற்றும் ஆள், சொந்தக்காரர் அல்ல. இன்ஷூரன்ஸ் விஷயத்தில் 1983லேயே சர்பதி தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஷேர் விஷயத்தில் 2023 டிசம்பரில் சக்தி யெஸ்தானி வழக்கில் மறுபடியும் சொன்னது. வங்கி நாமினியிடம் கொடுத்தால் வங்கியின் கடமை தீர்ந்தது. அதற்குப் பிறகு அவர் உயிலின்படி அம்மாவுக்குக் கொடுக்கக் கடமைப்பட்டவர். (இன்ஷூரன்ஸில் மட்டும் 2015 திருத்தத்துக்குப் பிறகு கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகள் நாமினி என்றால் அவர்களுக்கே சொந்தம். தம்பி அந்தப் பட்டியலில் இல்லை, இது டெபாசிட்டும்கூட.)

கவனிக்க வேண்டியது இதுதான். நாமினி இருப்பதால் வங்கி மாமாவிடம் சான்றிதழ் எதுவும் கேட்காமல் கொடுத்துவிடும். ரிசர்வ் வங்கி 2025 செப்டம்பரில் வெளியிட்ட விதிகளின்படி, ஆவணங்கள் முழுமையாகக் கிடைத்த 15 நாளுக்குள் முடிக்க வேண்டும். எல்லா வங்கிகளும் இதை நடைமுறைக்குக் கொண்டுவர வைத்த கெடு 2026 மார்ச் 31. எனவே மாமாவிடம் பேச வேண்டுமானால் இப்போதே பேசுங்கள். சண்டை வரும் என்று தோன்றினால், வெறும் புகார்க் கடிதம் வங்கியைத் தடுக்காது. கோர்ட் தடை உத்தரவு வேண்டும். அதை வக்கீலிடம் முதல் நாளே சொல்லுங்கள்.

நாமினி இல்லாத கணக்கு வேறு ஏதாவது இருந்தால், 15 லட்சம் வரை வாரிசு உரிமைச் சான்று கோர்ட்டில் வாங்காமலே எளிய முறையில் கேட்கலாம். கூட்டுறவு வங்கி என்றால் 5 லட்சம். பழைய பாஸ்புக் கிடைத்து, எந்த வங்கி என்றே குழப்பமாக இருந்தால் ரிசர்வ் வங்கியின் உத்கம் தளத்தில் பெயர் போட்டுப் பாருங்கள். பத்து வருடம் அசைவில்லாத டெபாசிட்டுகள் அங்கே தெரியும்.

அப்புறம் பென்ஷன். ஜனவரிக்குப் பிறகு ஏதாவது வரவு விழுந்திருந்தால் அதைத் தொடவே தொடாதீர்கள். கருவூலத்துக்கு இறப்பைத் தெரிவியுங்கள், அதிகப்படி வந்ததைத் திருப்பி எடுத்துக்கொள்வார்கள். "செலவுக்கு வேண்டியிருந்தது" என்று ஏ.டி.எம். கார்டில் எடுத்தவர்கள் பட்ட பாட்டைக் கவுன்டரில் உட்கார்ந்து நிறையப் பார்த்திருக்கிறேன். பவர் பத்திரம் இருந்தாலும் அது ஆள் போனதோடு போயிற்று.

சிராங்கூன்
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். சித்தப்பா சிங்கப்பூரில் தவறிவிட்டார். அவருடைய சி.பி.எஃப். (அங்கத்திய ஓய்வுக்காலச் சேமிப்பு) பணம் உயிலில் சித்திக்கு என்று எழுதியிருக்கிறது. அதுவும் இதேபோலத்தானா?

கவுன்டர் நம்பர் 3
அங்கே நேர்மாறு. சி.பி.எஃப். பணம் உயிலுக்குள் வராது. நாமினேஷன் செய்திருந்தால் நாமினிக்கே சொந்தம். செய்யாவிட்டால் பப்ளிக் டிரஸ்டி மூலம் வாரிசுகளுக்குப் பிரியும். தனி இழை தொடங்குங்கள், அங்கே உள்ளவர்கள் சொல்வார்கள்.

மல்லிகை
காவிரிக்கரை, தாசில்தார் வாரிசுச் சான்றிதழைப் பற்றி ஒரு வார்த்தை. அது வாரிசுகள் யார் என்று காட்டும் காகிதம், உயிலை மெய்ப்பிக்காது. பிள்ளையில்லாத விதவை என்றால் சில அலுவலகங்களில் கோர்ட்டுக்குப் போ என்றும் சொல்வார்கள். அதற்காக அலைந்து மாதங்களை விடாதீர்கள். உறவுமுறைப் பட்டியலை மனுவிலேயே சத்தியம் செய்து கொடுத்துவிடலாம்.

வடபழனி வாசி
நான் இன்னும் என் கட்சியில்தான் இருக்கிறேன். அத்தையும் மாமாவும் சம்மதித்தால் குடும்பத்துக்குள்ளேயே விடுதலைப் பத்திரம் (தன் பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரம்) எழுதிப் பதிந்துகொள்ளலாமே? கோர்ட் ஃபீ மிச்சம்.

பழைய குமாஸ்தா
கும்பகோணம் நிலத்துக்கு நல்ல யோசனை. அங்கே அம்மாவும் சின்ன மாமாவும் பெரிய மாமாவின் மனைவி மக்களும்தான். அவர்கள் விடுதலை எழுதினால் சார்பதிவாளர் அலுவலகத்தோடு போகும், பட்டாவும் மாறும். அல்லது அம்மாவே பெரிய மனதோடு உயிலை விட்டுக்கொடுத்து நிலத்தை எல்லோருக்கும் பிரித்தால், டெபாசிட் விஷயத்தில் மாமாவின் சம்மதம் சுலபமாகக் கிடைக்கலாம். அது சட்டமல்ல, வியாபாரமும் அல்ல, குடும்பம்.

ஃபிளாட்டுக்கு நான் சொன்னதையே சொல்வேன். அது விற்கப்படும் சொத்து. ஐகோர்ட் முத்திரை இருந்தால் விலை பேசும்போது யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

காவிரிக்கரை
நிலவரம் சொல்கிறேன். திருச்சி அத்தையிடம் அம்மாவே பேசினார். "அக்கா என்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கா, எங்க கையெழுத்து வேணுமோ சொல்லு" என்றார். அண்ணனிடமும் தானே பேசிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். சின்ன மாமா இன்னும் முறுக்கிக்கொண்டிருக்கிறார். நிலத்தில் மாமாவுக்குரிய பங்கைக் கொடுத்துவிடலாம் என்கிறார் அம்மா, எனக்கு முழு சம்மதம் இல்லை, ஆனால் அது அம்மாவின் முடிவு. டொரன்டோவில் இருக்கும் பெரிய மாமா மகள் கையெழுத்துப் போட ஒத்துக்கொண்டாள். அவள் அங்கிருந்தே போட முடியுமா?

வக்கீலும் கிடைத்துவிட்டார். முதல் கேள்வியே நிறைவேற்றுநரைப் பற்றித்தான் கேட்டார்! ஃபீஸ் கட்டம் கட்டமாக, எழுத்தில்.

பழைய குமாஸ்தா
முடியும். பிரமாணப் பத்திரத்தை அங்கே உள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் சான்றொப்பத்தோடு அனுப்பச் சொல்லுங்கள். யாருக்காவது பவர் கொடுப்பதாக இருந்தால், பத்திரம் இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைக் கட்டணம் கட்டிவிட வேண்டும். வாசகத்தை உங்கள் வக்கீல் எழுதி அனுப்பட்டும், அங்கே எழுதினால் திரும்ப எழுத வேண்டிவரும்.

மூல உயிலை லாமினேட் செய்யாதீர்கள், பின் அடிக்காதீர்கள், ஓட்டை போடாதீர்கள். இரண்டு பக்கமும் கலரில் ஸ்கேன் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மனுவோடு மூலம் கோர்ட்டுக்குப் போய்விடும், திரும்பக் கையில் வராது. வக்கீலிடம் கொடுக்கும்போது எத்தனை பக்கம், என்ன தேதி என்று எழுதி ஒப்புகைக் கையெழுத்து வாங்குங்கள். நல்ல வக்கீலாக இருந்தால் நீங்கள் கேட்பதற்கு முன்பே கொடுப்பார்.

காவிரிக்கரை
கொடுத்துவிட்டார் ஐயா. ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூர் போகிறோம். லாக்கருக்கு நாமினி யார் என்று வங்கியில் கேட்டிருக்கிறேன், பதில் வந்ததும் எழுதுகிறேன்.